இறக்கத்தைப் பழிப்பவர்களுக்கு

"மேலே போவதற்கு விஞ்சு இருக்கிறது. கீழே வருவதற்குப் பூமியின் இழுப்பு இருக்கிறது. நடுவே இந்த மனிதர் செய்த காரியம்தான் என்ன?"

சென்ற மாதம் ஒரு புத்தக வெளியீட்டு விழாவில், என்னை மேடையிலே வைத்துக்கொண்டே சபையைப் பார்த்து இப்படிக் கேட்டார் ஒரு நண்பர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நன்றாக எழுதுகிறவர். வருஷம் தவறாமல் இமயமலைப் பக்கம் போய் இரண்டு வாரம் நடந்துவிட்டு வருகிறவர். நான் ஆல்ப்ஸ் மலையில் சைக்கிளில் இறங்கி விளையாடிவிட்டு வந்த சேதி அவர் காதுக்கு எட்டியிருந்தது. "பூங்காவிலே குழந்தைகளுக்குச் சறுக்குப் பலகை போட்டிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அதையே வெள்ளைக்காரன் கொஞ்சம் உயரமாகக் கட்டி வைத்துக் காசு வாங்குகிறான். நம் எழுத்தாளர் அதில் சறுக்கிவிட்டு வந்திருக்கிறார்" என்றார். சபை சிரித்தது. நானும் சிரித்தேன்.

நான் சிரித்திருக்கக் கூடாது. மேடையில் நம்மைக் கேலி செய்தால் நாமும் கூடச் சேர்ந்து சிரித்து வைப்பதைப் பெருந்தன்மை என்று நாம் பழகி வைத்திருக்கிறோம். அந்தப் பெருந்தன்மையை நான் காட்டிக்கொண்டிருந்த அதே நிமிஷத்தில், முன் வரிசையில் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் பால்ய நண்பன் ஒருவனின் முகம் என் கண்ணில் பட்டது. அவனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அவன் முகத்தைப் பார்த்த பிறகு எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஆனால் பதில் சொல்ல வாய் வரவில்லை. மேடைப் பேச்சு எனக்கு என்றைக்குமே கைவராத வித்தை. பேனா கையில் இருந்தால்தான் எனக்குக் கோபமே வரும்.

நண்பர் அத்தோடு விடவில்லை. ஏறுவதுதான் மனிதனுக்கு அழகு, இறங்குவது கல்லுக்கும் தெரியும் என்ற கருத்தில் ஒரு கட்டுரையும் எழுதிவிட்டார். அதைப் படித்த வாசகர்கள் சிலர், "நீங்கள் என்ன சொல்லப் போகிறீர்கள்?" என்று எனக்குக் கடிதம் எழுதினார்கள். இதோ சொல்கிறேன்.

நடந்ததை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுவது நியாயம். கல்லூரியில் ஒரே அறையில் இருந்த நால்வர் நாங்கள். ஒருவன் ஜெனீவாவில் உத்தியோகம் பார்க்கிறான். ஒருவன் லண்டன்வாசி. மூன்றாமவன் கண் டாக்டர், மதுரையில் இருக்கிறான். நான்காமவன் நான். சென்ற ஆண்டு ஜூலையில் ஒரு வாரம் நால்வரும் கூடுவது என்று முடிவாயிற்று. இடத்தையும் விளையாட்டையும் தேர்ந்தெடுத்தவன் ஜெனீவாக்காரன். எனக்கு விமானச் சீட்டு வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான். இதை ஒளிப்பதற்கில்லை, என் புத்தகங்கள் விற்கிற லட்சணத்தில் நான் சொந்தக் காசில் ஆல்ப்ஸ் போனேன் என்று எழுதினால் என் பதிப்பாளரே நம்பமாட்டார்.

ஜெனீவாவிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம் போனால் பிரான்ஸ் தேசத்தின் சவாய் மலைப் பகுதியில் மோர்ஸீன் என்று ஓர் ஊர். கடல் மட்டத்துக்குச் சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் ஒரு பள்ளத்தாக்கில் கிடக்கிறது. பக்கத்து ஊர் லே ஜே. மலைச் சைக்கிள் உலகப் போட்டி 2004-லும் 2022-லும் அங்கே நடந்திருக்கிறது. மேற்குப் பக்கம் பிரான்ஸ், கிழக்கே மலைமுதுகைத் தாண்டினால் ஸ்விட்சர்லாந்து. இரு தேசத்திலுமாகப் பன்னிரண்டு ஊர்கள் சேர்ந்து, ஒரே அனுமதிச் சீட்டில் எல்லா விஞ்சுகளிலும் ஏறலாம் என்று ஏற்பாடு செய்திருக்கின்றன. சைக்கிளை நாற்காலி விஞ்சின் கொக்கியில் மாட்டிவிட்டு அடுத்த நாற்காலியில் நாம் உட்கார்ந்துகொள்ள வேண்டியது. கீழே காளான் மாதிரி மர வீடுகளும், கழுத்து மணி ஆட மேய்கிற பசுக்களும் மெதுவாகப் பின்னால் நகரும். நண்பர் சொல்லும் சோம்பேறித்தனம் இதுதான். இந்தப் பத்து நிமிஷம் சோம்பேறித்தனம் என்பதை நான் மறுக்கவில்லை. அதற்குப் பிறகு வருவதுதான் விவகாரம்.

சைக்கிள் என்றால் நீங்களும் நானும் குரங்குப் பெடல் போட்டுப் பழகிய வாடகைச் சைக்கிள் இல்லை. பதினாறு பதினேழு கிலோ கனம். முன்னும் பின்னும் ஒரு சாண் அளவுக்கு அமுங்கி எழுகிற ஸ்பிரிங்குகள். மோட்டார் சைக்கிள்காரன் போட்டுக்கொள்வது போல் முகவாய்க் கட்டை வரை மூடும் ஹெல்மெட். முழங்காலுக்குக் கவசம், முழங்கைக்குக் கவசம், முதுகுக்குக் கவசம். இத்தனையும் மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தபோது, நாடகத்தில் இரணியன் வேஷம் கட்டிய எங்கள் ஊர்க் கணக்குப்பிள்ளையின் ஞாபகம் எனக்கு வந்தது.

எங்களுக்கு வழிகாட்டியாக வாய்த்தவள் அந்தப் பள்ளத்தாக்கிலேயே பிறந்த பெண். முப்பது வயசு இருக்கும். தகப்பனார் மாடு வைத்துப் பாலாடைக்கட்டி செய்கிறவர். பிரான்ஸ் தேசத்தில் கூலி வாங்கிக்கொண்டு ஒருவர் மலைச் சைக்கிள் கற்றுக் கொடுக்கவோ வழிகாட்டவோ வேண்டுமானால் அரசாங்கத்தின் டிப்ளமா வேண்டும். அது இல்லாமல் செய்தால் சட்டப்படி குற்றம். நண்பரை நான் ஒன்று கேட்கிறேன்: சறுக்குப் பலகைக்கு எந்த தேசத்து அரசாங்கம் டிப்ளமா கொடுக்கிறது?

முதல் நாள் முழுவதும் அவள் எங்களை இறங்கவே விடவில்லை. புல்வெளியில் நிற்கக் கற்றுக் கொடுத்தாள். ஆம், நிற்க. சீட்டில் உட்காரக் கூடாது. இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில் இருக்க, குதிகாலைத் தாழ்த்தி, முழங்காலையும் முழங்கையையும் வளைத்து, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி நிற்க வேண்டும். பார்வை முன் சக்கரத்தில் இருக்கக் கூடாது. பத்துப் பதினைந்து கெஜத்துக்கு அப்பால், போக வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். கல்லைப் பார்த்தால் கல்லில்தான் போய் முட்டுவோம். பிரேக்கில் ஒரு விரலுக்கு மேல் வைக்கக் கூடாது; மற்ற விரல்கள் கைப்பிடியைப் பிடித்திருக்க வேண்டும். வளைவில் பிரேக் பிடிக்கக் கூடாது, வளைவுக்கு முன்னால் பிடித்து விட்டுவிட வேண்டும். இதையெல்லாம் கேட்டால் சுலபமாக இருக்கிறது. நூறு கஜம் இறங்கிப் பார்த்தால், உடம்பு இதில் ஒவ்வொன்றுக்கும் நேர் எதிரானதைத்தான் செய்யும். பயந்த உடம்பு முன்னால் குனியும், காலடியைப் பார்க்கும், நாலு விரலாலும் பிரேக்கை அமுக்கும். நாற்பது வருஷமாக நாம் கட்டிக் காத்த உடம்பு நம் பேச்சைக் கேட்காது என்பதை நான் தெரிந்துகொண்டது அந்தப் புல்வெளியில்தான்.

'இறங்குவது கல்லுக்கும் தெரியும்' என்கிறாரே நண்பர், கல்லுக்கு நிற்கத் தெரியுமா? இறக்கத்தில் வித்தை என்பதே நிற்பதில் இருக்கிறது. ஒரு கணக்குச் சொல்கிறேன். மோர்ஸீனுக்கு மேலே ப்ளேனே என்கிற மேட்டிலிருந்து ஊருக்குச் சுமார் 500 மீட்டர் இறக்கம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 100 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படுகிற சக்தி, கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். கொஞ்சம் காற்றும் கொஞ்சம் மண்ணும் அதைப் பங்கு போட்டுக்கொள்ளும். மீதியை எல்லாம் சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்னதான இரண்டு இரும்புத் தட்டுகளும், இரண்டு விரல்களும்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒருமுறை இறங்கி முடித்ததும் என் முன்னங்கை மரக்கட்டையாகிவிட்டது. காப்பிக் கோப்பையை எடுக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது.

இந்த விளையாட்டே பிரேக்கில் பிறந்த விளையாட்டு. 1976-ல் அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் சில வாலிபர்கள் பழைய காலத்துக் கனத்த சைக்கிள்களை மலைக்கு மேல் கொண்டுபோய், யார் முதலில் கீழே வருகிறான் என்று பந்தயம் வைத்தார்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கிற பின்சக்கர பிரேக் அவற்றில் இருந்தது. ஒரு தடவை இறங்கினால் சூட்டில் அதற்குள் இருக்கும் கிரீஸ் புகைந்து ஆவியாகிவிடும். மறுபடி இறங்குவதற்கு முன் குடத்தைப் பிரித்துப் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டும். 'மறுபடி அடைப்பது' என்ற பொருளில் 'ரீபேக்' என்றே அந்த இறக்கத்துக்குப் பேர் வந்துவிட்டது. கல் உருண்டால் கிரீஸ் புகையாது, ஐயா.

மலை ஏறுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏறுவதை நான் இகழவில்லை. இகழ எனக்கு யோக்கியதையும் இல்லை. ஆனால் ஏறுகிறவர்களின் சரித்திரத்தை நண்பர் ஒழுங்காகப் படித்திருக்கிறாரா என்று எனக்குச் சந்தேகம். ஆல்ப்ஸில் மாட்டர்ஹார்ன் சிகரத்தை முதன்முதலில் எட்டியது 1865-ஆம் ஆண்டு ஜூலை 14-ஆம் தேதி. எட்வர்டு விம்பர் என்ற ஆங்கிலேயரும் அவருடன் ஆறு பேரும் உச்சியில் நின்றார்கள். ஏழு பேரும் ஏறிவிட்டார்கள். இறங்கி வந்து சேர்ந்தவர்கள் மூன்று பேர். இறக்கத்தில் ஒருவர் கால் வழுக்கி, கயிறு அறுந்து, நால்வர் போய்விட்டார்கள். ஏறுவதற்கு ஆசை போதும், மூச்சு போதும். இறங்கும்போது ஆசை தீர்ந்திருக்கும், கால் தளர்ந்திருக்கும், மனம் வீட்டுக்குப் போயிருக்கும். அந்த நேரத்தில் கவனமாக இருக்கத் தெரிந்தவனை நான் கெட்டிக்காரன் என்கிறேன். நண்பர் கல் என்கிறார்.

எல்லைக்கு அப்பால் ஸ்விட்சர்லாந்தில் ஷாம்பெரி என்ற ஊர். 2011-ல் அங்கே உலகப் போட்டி. மழை, பாதை முழுக்கச் சேறு, நின்றாலே வழுக்குகிற செங்குத்து. டானி ஹார்ட் என்கிற பத்தொன்பது வயது ஆங்கிலேயப் பையன் மற்ற எல்லாரையும்விட 11 வினாடிக்கு மேல் முந்தி வந்தான். ஒரு வினாடி, அரை வினாடியில் வெற்றி தோல்வி தீர்மானமாகிற பந்தயத்தில் பதினோரு வினாடி! பூமி எல்லாரையும் ஒரே மாதிரிதான் இழுக்கிறது. அந்தப் பையனை மட்டும் பதினோரு வினாடி அதிகமாக இழுத்துவிட்டதா?

விஞ்சு விஷயத்துக்கு வருகிறேன். பழனியில் விஞ்சில் ஏறியவனுக்குத் தரிசனம் கிடையாது என்று எந்தக் குருக்களும் சொல்லி நான் கேட்டதில்லை. நண்பர் தம் இமயப் பயணத்தைப் பற்றி எழுதிய புத்தகத்தை நான் மரியாதையோடு படித்திருக்கிறேன். அதில் அவர் மூட்டையைச் சுமந்து வந்த கோவேறு கழுதையைப் பற்றி ஒன்றரைப் பக்கம் இருக்கிறது, நல்ல பக்கங்கள். மலையடிவாரம் வரைக்கும் விமானம், ரயில், ஜீப்பு. அதற்கு மேல் கழுதை. கூடாரம் அடிக்க ஓர் ஆள், சமைக்க ஓர் ஆள். அவருடைய கழுதைக்கு உயிர் இருந்தது, எங்கள் கழுதை மின்சாரத்தில் ஓடியது. வித்தியாசம் இவ்வளவுதான் என்று தோன்றுகிறது. பாவம் செய்தோமா என்று பார்த்தால், அந்தக் கழுதையிடம்தான் முதலில் கேட்க வேண்டும்.

அந்த விஞ்சுகள் சைக்கிள்காரனுக்காகக் கட்டப்பட்டவையும் அல்ல. பனிச்சறுக்குக்காகக் கட்டி, கோடையில் சும்மா நின்றவை. ஆல்ப்ஸ் பகுதியின் சராசரி வெப்பம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து இன்றுவரை சுமார் 2 டிகிரி ஏறியிருக்கிறது. உலகச் சராசரியைப்போல் ஏறக்குறைய இரண்டு பங்கு. தாழ்ந்த மலைகளில் பனி குறைந்துகொண்டு வருகிறது. முன்பு மாடும் வைக்கோலுமாக இருந்த ஊர்கள், பிறகு பனியை நம்பிப் பிழைத்த ஊர்கள், இப்போது பனி இல்லாத மாதங்களை நம்பப் பழகிக்கொண்டிருக்கின்றன. எங்கள் வழிகாட்டியின் தகப்பனார் சைக்கிள்காரர்களைப் பார்த்தால் முகம் சுளிப்பார். ஆனாலும் மகள் கொண்டுவரும் சம்பளத்தில்தான் கொட்டகைக்குக் கூரை மாற்றினாராம். இதை அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள்.

நண்பர் ஒரு வாதத்தை விட்டுவிட்டார். அதை நானே எடுத்துக் கொடுத்துவிடுகிறேன். அந்தப் பனியைக் கரைக்கிற புகையில் என் விமானத்தின் புகையும் இருக்கிறது. மழைக்குப் பிறகு சைக்கிள்கள் ஓடி ஓடி மலைச்சரிவில் விழுந்த தழும்புகளை நான் கண்ணாலே பார்த்தேன். காலையில் மண்வெட்டியோடு வந்து அவற்றை மூடும் ஆட்களையும் பார்த்தேன். இந்தக் குற்றத்துக்கு என்னிடம் பதில் இல்லை. நண்பர் இதைக் கேட்டிருந்தால் நான் தலைகுனிந்து நின்றிருப்பேன். அவர் கேட்கவில்லை; அவருக்கும் விமானம் வேண்டியிருக்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் வாதம். வாதத்துக்காக நான் இவ்வளவு தூரம் பேனாவைத் தேய்த்திருக்க மாட்டேன். முன் வரிசையில் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்திருந்த டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முதல் நாள் சைக்கிள் வாடகைக்கு எடுத்தபோது, கடைப் பையன் ஒரு கேள்வி கேட்டான்: "பிரேக் எங்கள் வழக்கப்படி இருக்கட்டுமா, ஆங்கிலேயர் வழக்கப்படி மாற்றட்டுமா?" நம் ஊரிலும் இங்கிலாந்திலும் வலது கை முன் சக்கரத்துக்கு, இடது கை பின் சக்கரத்துக்கு. ஐரோப்பாவின் உள்தேசங்களில் தலைகீழ். இடது கைதான் முன் பிரேக். லண்டன்காரன் மாற்றச் சொன்னான். ஜெனீவாக்காரனுக்கு அந்த ஊர் வழக்கம் பழகிப் போயிருந்தது. டாக்டர் என்னைப் பார்த்தான். நான், "ரெண்டும் பிரேக்தானே, எதுவானால் என்ன!" என்றேன். இருவருக்குமாகச் சேர்த்துத்தான் சொன்னேன். பின்னால் ஒரு வரிசை நின்றுகொண்டிருந்தது. காத்திருக்க வைக்க வெட்கமாக இருந்தது.

மூன்று நாள் பச்சைப் பாதையிலும் நீலப் பாதையிலும் இறங்கினோம். பாதைகளுக்குக் கஷ்டத்தின் அளவுப்படி நிறம் கொடுத்திருக்கிறார்கள்: பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு. நாலாவது நாள் காலையில் சிவப்பு. முந்தின இரவு மழை பெய்திருந்தது. தேவதாரு மரங்களின் வேர்கள் பாதைக்குக் குறுக்கே நரம்பு புடைத்தாற்போல் ஓடின; ஈர வேர் எண்ணெய் தடவிய மாதிரி வழுக்கும். ஒரு செங்குத்தான இடத்துக்கு முன்னால் வழிகாட்டி எல்லாரையும் நிறுத்தினாள். "இது இந்தப் பாதையிலேயே கஷ்டமான முப்பது மீட்டர். வேண்டாம் என்கிறவர்கள் இறங்கி இடதுபுறமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாருங்கள். நான் கீழே காத்திருப்பேன். அவசரம் இல்லை" என்று சொல்லிவிட்டு முதலில் போனாள். ஜெனீவாக்காரன் போனான். லண்டன்காரன் போனான்.

டாக்டர் ஒரு காலைத் தரையில் ஊன்றினான். சீட்டைவிட்டு இறங்கப் போகிறான் என்று தெரிந்தது.

"என்ன மாப்பிள்ளை, மறுவீடு போற பொண்ணு மாதிரி காலை ஊணிக்கிட்டு நிக்கிறே?" என்றேன் நான்.

அவன் சிரித்தான். கீழே இருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். கண் கவசத்தைத் துடைத்துக்கொண்டு காலைத் தூக்கி மறுபடி பெடலில் வைத்தான்.

பாதி இறக்கத்தில் பின்சக்கரம் ஒரு வேரில் வழுக்கியது. 'முன் பிரேக்கைப் பிடிக்காதேடா, குப்புற விழுவே, பின் பிரேக்கைப் பிடி' என்று பத்து வயதில் அவனுக்குச் சைக்கிள் கற்றுக் கொடுத்த அண்ணன் சொல்லி வைத்த பாடம் அவன் கையில் இருந்தது. பயத்தில் கை பழைய பாடத்தையே செய்தது. இடது பிரேக்கை இறுக்கிப் பிடித்தான். மூன்று நாளாக அவன் மூளைக்குத் தெரிந்திருந்த சங்கதி, அந்த ஒரு விநாடியில் அவன் கைக்குத் தெரியவில்லை. அது முன் பிரேக். ஹேண்டில்பாருக்கு மேலாக அவன் போனதை நான் பின்னாலிருந்து பார்த்தேன். வலது தோளில் விழுந்தான். பச்சை விறகை முறிக்கும்போது ஒரு சத்தம் கேட்குமே, அது கேட்டது.

வழிகாட்டி மேட்டிலே ஓடி வந்தாள். அவனை அசைக்காமல் வைத்து, தன் சட்டையைக் கழற்றி மேலே போர்த்தி, மீட்புக்காரர்களுக்குத் தகவல் சொல்லி, அவர்கள் ஸ்ட்ரெச்சருடன் வருகிறவரைக்கும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அவன் ஊர், மனைவி, குழந்தைகள் என்று ஏதேதோ கேட்டுக்கொண்டிருந்தாள். வலது காறை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. பிளேட்டு வைத்துத் திருகாணி போட வேண்டியதாயிற்று. வேறு யாருக்காவது என்றால், 'எலும்புதானே, கூடிவிடும்' என்று சொல்லிவிடலாம். இவன் கண்ணில் கத்தி வைக்கிற டாக்டர். வலது கையில் மயிரிழை நடுக்கம் இருந்தால் தொழில் போயிற்று. நான்கு மாதம் ஆபரேஷன் தியேட்டருக்குள் அவன் நுழையவில்லை. ஐந்தாவது மாதம், கறிவேப்பிலைக் காம்பை ஊசியால் கிழித்துப் பழகிக்கொண்டிருக்கிறேன் என்று டெலிபோனில் சொன்னான். வேடிக்கையாகத்தான் சொன்னான்.

அன்று மாலை ஆஸ்பத்திரி வராந்தாவில் வழிகாட்டி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் என்னைத் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்:

"அவர் காலை ஊன்றியதை நான் கீழேயிருந்து பார்த்தேன். இறங்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். நீங்கள் உங்கள் பாஷையில் ஏதோ சொன்னீர்கள், எல்லாரும் சிரித்தீர்கள். என்ன சொன்னீர்கள்?"

நான் ஏதோ மழுப்பினேன். இருபது வருஷமாக வார்த்தைகளை வைத்துப் பிழைக்கிறவன், அந்த வாக்கியத்தை அவளுக்கு மொழிபெயர்த்துச் சொல்லத் துணியவில்லை. அவள் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனாள். புரிந்துகொண்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

ஊருக்கு வந்த பிறகு ஆல்ப்ஸ் வழிகாட்டிகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். மோர்ஸீனிலிருந்து சிறிது தூரத்தில், மான்ட் பிளாங்க் சிகரத்தின் அடிவாரத்தில் ஷாமொனி இருக்கிறது. 1820-ல் ரஷ்யச் சக்கரவர்த்தியின் சேவையில் இருந்த டாக்டர் ஹாமல் என்கிற விஞ்ஞானி அங்கே வந்து, வழிகாட்டிகளை அழைத்துக்கொண்டு மலை ஏறினார். வானிலை மோசமாகிவிட்டது. வழிகாட்டிகள் திரும்பிவிடலாம் என்றார்கள். அவர் ஒப்பவில்லை, தயங்கியவர்களைக் கோழைகள் என்றார் என்று சொல்லப்படுகிறது. ஏறினார்கள். பனி சரிந்தது. மூன்று வழிகாட்டிகள் பனிப் பிளவுக்குள் போய்விட்டார்கள். விஞ்ஞானி பிழைத்து ஊர் போய்ச் சேர்ந்தார். மறு வருஷம், 1821-ல், ஷாமொனியின் வழிகாட்டிகள் ஒன்று சேர்ந்து தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் அது இருக்கிறது. இறந்துபோன மூவரின் எச்சங்களை 1861-ல்தான் பனியாறு கீழே கொண்டுவந்து போட்டது. நாற்பத்தோரு வருஷம் ஒரு பரிகாசத்தின் பலனை வயிற்றில் வைத்துக்கொண்டு மெதுவாக இறங்கியிருக்கிறது.

என் சண்டை எதைப் பற்றியது என்று இப்போது நண்பருக்குப் புரியும் என்று நம்புகிறேன். மேடையில் அவர் சொன்னதும், மலையில் நான் சொன்னதும் வெவ்வேறல்ல. இறக்கம் என்றால் குழந்தை விளையாட்டு என்று ஊரெல்லாம் சொல்லி வையுங்கள். அப்புறம் குழந்தை விளையாட்டில் காலை ஊன்றி நிற்கிறவனுக்கு எவ்வளவு வெட்கமாக இருக்கும்! பச்சைக் குழந்தை செய்கிற காரியத்துக்குப் பயப்படுகிறேன் என்று எந்த நாற்பத்தைந்து வயது ஆண்பிள்ளை வாயைத் திறந்து சொல்வான்? அந்த வெட்கத்தில்தான் என் டாக்டர் காலைத் தூக்கிப் பெடலில் வைத்தான். வேர் அவனை விழத்தட்டவில்லை. பிரேக்கு கூடப் பாதிதான். ஹெல்மெட்டில் காமிராவை ஒட்டிக்கொண்டு இறங்கி, விழாத தடவைகளை மாத்திரம் உலகத்துக்குக் காட்டுகிறார்களே, அவர்களும் இந்தப் பாவத்தில் பங்காளிகள். இறங்கி நடந்தவனின் படத்தை யாரும் எடுப்பதில்லை.

அன்று விழாவில் சபை சிரித்தபோது, நானும் சிரித்தபோது, டாக்டரின் இடது கை தன்னை அறியாமல் மேலே போய் வலது காறை எலும்பைத் தடவிக்கொண்டிருந்தது. அவன் முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவனும் சிரிக்க முயன்றுகொண்டிருந்தான்.

அவன் மனைவி இன்றுவரை வேர் வழுக்கிவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார். அவன் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அந்த அம்மாள் இந்தப் பத்திரிகையை வாராவாரம் படிக்கிறவர் என்பது எனக்குத் தெரியும், தெரிந்துதான் எழுதுகிறேன்.

வருகிற ஜூலையில் மறுபடியும் மோர்ஸீன் போகிறோம். யோசனை டாக்டருடையது, எனக்கு இந்தத் தடவையும் சீட்டு வாங்கிக் கொடுக்கிறவன் ஜெனீவாக்காரன். அதே பெண்ணைத்தான் வழிகாட்டியாகக் கேட்டிருக்கிறோம். அவள் ஒப்புக்கொண்டு, இரண்டு வரி பதில் போட்டிருக்கிறாள். இரண்டு சைக்கிள்களுக்குப் பிரேக்கை மாற்றி வைக்கும்படி கடைக்கும் எழுதிவிட்டேன். அந்த முப்பது மீட்டரை டாக்டர் நடந்துதான் கடக்கப் போகிறானாம். நானும் கூட நடக்கிறேன் என்றிருக்கிறேன்.

நண்பரையும் அழைத்திருக்கிறேன். அவருக்கு ஒரு சைக்கிளும், முழங்கால் கவசமும், பச்சைப் பாதையில் மூன்று நாளும் ஏற்பாடு. பதில் இன்னும் வரவில்லை.